எழுத்துக்கு மூன்று வெள்ளி

ஏணியின் மேல் நின்றபடி லாசரஸ் கேட்கிறார்,
"பேருக்குப் பின்னால என்ன பட்டம் போடணும்?"
எழுத்துக்கு மூன்று வெள்ளி.
தமிழுக்கு மட்டும் சலுகை,
மெய்யெழுத்தின் புள்ளிக்குக் காசில்லை.

ரிங்லெட்டில் காலை பதினோரு மணிக்கே பனி இறங்கி
கோஸ் லாரிகள் விளக்கெரித்துப் போகின்றன.
நான் பிடிக்கிற ஆள்.
நாய் கடிக்காமல், மாடு உதைக்காமல்,
பூனை அலமாரிமேல் ஏறாமல்
பிடித்துக்கொள்வது என் உத்தியோகம்.
அதற்கு முன்னால் பதினேழு வருஷம் தேயிலை நிறுத்தேன்.
பட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க என்றதும்
லாசரஸ் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

புஷ்பலீலா டாக்டருக்கு என்ன போடுவது?
அப்பா மேல் டிவிஷனில் மருந்தடித்தவர்.
மனுஷ டாக்டருக்கு மனுப் போட்டு
மூன்று வருஷம் கடிதம் வராமல்
நாலாம் வருஷம் நாமக்கல் போனார்.
விடுதியில் முதல் காலை
"பசியாறியாச்சா?" என்று கேட்டதற்கு
மொத்த மேசையும் சிரித்ததாம்.
இப்போது மாட்டிடம்தான் அதைக் கேட்கிறார்,
தோள்வரை கையுறை மாட்டி
உள்ளே கன்றின் காலைத் தேடிக்கொண்டே.

ஸுல்ஹைரி டாக்டர் கிளந்தான்காரர்.
ஈப்போ பந்தயத் திடலில் ஒன்பது வருஷம்.
கால் முறிந்த குதிரையைச் சுற்றித் திரை கட்டுவார்கள்,
பணம் கட்டிய ஜனம் பார்க்காமல் இருக்க.
"திரைக்கு உள்ளே நான் இருந்தேன்" என்று
ஒரே ஒரு தடவை சொன்னார். டீ ஆறிப்போனது.
பின்பக்கக் குழாயடியில்
மைலோ டின்னில் மண் வைத்திருக்கிறார்.
நாயைத் தொட்ட நாளில் ஏழு தடவை கழுவுவார்,
அதில் ஒரு தடவை மண் கரைத்து.
நாயைத் தொடாத நாளே இல்லை.
டின் காலியானால் ஆற்றங்கரைக்கு நான் போவேன்.

லியூ டாக்டர் கதை லாசரஸுக்கே தெரியும்.
பன்றிக் காய்ச்சல் வருஷம் அவருக்கு வயது ஒன்பது.
பண்ணைக்கு ராணுவம் வந்தது.
ஒரு முழுப் பகல் சுட்டார்கள்.
அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தாராம்,
கந்தோனீஸ் நாடகம்.
அதனால் கடைசி ஊசியை அவர் போடுவதில்லை.
இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.
அந்தப் பாட்டிலை மற்ற இருவரில் ஒருவர்
சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வார்.

"இவ்வளவையும் எழுதினா
கிளினிக்கையே வித்துத்தான் எனக்குக் கூலி கொடுக்கணும்"
என்கிறார் லாசரஸ்.

அப்போது பா லுடினின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
முன்னால் அரிசிச் சாக்கு. சாக்குக்குள் வேட்டை நாய்.
காட்டுப்பன்றி வயிற்றைத் திறந்திருந்தது.
பார்த்தியா, இங்கேயும் பன்றி என்று
மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.
லியூ சாக்கைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.
மற்ற இருவரும் மேல் எஸ்டேட்டில்,
ஆடுகளுக்குத் தடுப்பூசி,
போன் எடுக்காத மலை.

"பிடி" என்றார்.
பிடித்தேன்.

மூன்றே கால் மணி நேரம்.
குடலைக் கழுவி, கெட்டதை வெட்டி, நல்லதைச் சேர்த்து,
நூல் தீர்ந்து வேறு நூல் பிரித்து.
நடுவில் அவர் உதடு எதையோ முணுமுணுத்தது.
கந்தோனீஸ்.
நாடக வசனமா, கெட்ட வார்த்தையா, விளங்கவில்லை.
பா லுடின் வாசலில் குந்தியிருந்தார்.
காசில்லை என்று வாய் திறந்து சொல்லாமல்
பெத்தாய்க் கட்டை மட்டும்
கதவுக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி வைத்தார்.

பிழைக்குமா என்றால்
ராத்திரி தாண்டணும் என்கிறார் லியூ.
இந்த ஊருக்கு ராத்திரி
பனியோடு சேர்ந்து சாயங்காலமே வந்துவிடும்.
என் கை இன்னும்
பிடித்த மாதிரியே மடங்கி இருக்கிறது.

வெளியே பெயிண்ட் காயாமல் ஒழுகுகிறது.
மூன்று பெயரும் முடிந்துவிட்டன.
பட்டத்துக்கு விட்ட இடம் காலி.
"சொல்லுப்பா, இருட்டுது."

போன் நம்பர் போடுங்க, என்கிறேன்.
பெரிசா.
லாரிக்காரனுக்கு வளைவிலிருந்தே தெரியணும்.

"நம்பருக்குப் புள்ளி கிடையாதே" என்று
விரல் மடக்கி எண்ணத் தொடங்குகிறார் லாசரஸ்.